வெண்பாக்கத்து ஊன்றுகோல்

உடம்பும், அதனுள் நின்று தொழில்புரியும் கருவிகளும், அவை இயங்குதற்குரிய உலகமும், ஆண்டு நுகரப்படும் பொருள்களும் ஆகிய நான்கும் உயிர் தானே தேடிக்கொண்டவை அல்ல. இறைவன் மாயையினின்று தோற்றுவித்து உயிர்கட்குக் கூட்டியவை என்பது சித்தாந்த நூல்களின் துணிபு. தனு கரண புவன போகம் என்று இதனைச் சிறுவரும் நெட்டுருச் செய்வர். யானும் பன்னிரண்டாம் வயதில் நெட்டுருச் செய்தேன். அதன் பொருள் என் தொண்டையில் வந்து நின்றபோது எனக்கு வயது நாற்பத்திரண்டு.

யான் நூல் பல கற்ற புலவன் அல்லேன். திருவள்ளூர் மாவட்டத்துப் பொன்னேரியைச் சார்ந்த ஒரு சிற்றூரிற் பிறந்தவன். கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையில், பழைய இரும்பை உருக்கிக் கட்டடக் கம்பியாக இழுக்கும் ஆலையொன்றில் 1986 முதல் முப்பத்தொன்பது ஆண்டு உழைத்து ஓய்வுற்றவன். அன்பர்கள் என் எழுத்தில் காணும் பிழைகளைப் பொறுத்தருள்க.

எங்கள் ஊர்ச் சிவாலயத்தில் ஓதுவார் ஒருவர் இருந்தார். மாலைதோறும் ஐந்தாறு சிறுவரை மண்டபத்திலிருத்திப் பண்முறை பிழையாது தேவாரம் கற்பிப்பார். கூலி வாங்கார்; ஆனால் சுருதி விலகினால் தலையிற் குட்டுவார். அவர் என்னைக் குட்டியது குறைவு. என் குரலைக் கேட்ட பெரியோர், 'இப்பிள்ளை பாடவே பிறந்தவன்' என்றனர். ஒருவர் இருவர் அல்லர், ஊரே சொல்லிற்று. ஒன்றைப் பலர் பலகாற் சொன்னால் அது விதியென்றே சிறுவன் மனத்திற் பதிந்துவிடும். பள்ளியிறுதி வகுப்பு முடிந்தபின், காவிரி நாட்டில் ஒரு திருமடத்தின் தேவாரப் பாடசாலைக்கு என்னை அனுப்புவதென்று ஓதுவார் ஐயாவும் என் தந்தையாரும் முடிவு செய்தனர். பெட்டிகூட வாங்கியாயிற்று. அவ்வாண்டு மழைக்காலத்தில் தந்தையார் சிவபதம் எய்தினார். எனக்கு இளைய பெண்கள் இருவர். பெட்டி பரணில் ஏறிற்று. யான் ஆலைக்குட் புகுந்தேன்.

அப்பொழுதும் பாட்டை விட்டேனல்லேன். பொன்னேரியில் மின்சார ரயிலேறினால் கவரைப்பேட்டை கடந்து கும்மிடிப்பூண்டி சேரும்வரை ஒரு பதிகம் பாடி முடிக்கலாம். உடன்வரும் தொழிலாளர் 'பாடுங்கள் அண்ணே' என்பர். யானும் பாடுவேன். ஆலையினுள்ளோ, இரவு முறையில், பெரிய மின்மோட்டார்களின் இடையறாத ரீங்காரமே எனக்குச் சுருதிப் பெட்டி. செந்நிறங்கொண்ட இரும்புச் சட்டம் உருளைகளினூடே பாம்புபோல் நெளிந்து வரும். கொறடு பிடித்து நிற்போர் அதனைப் பற்றி அடுத்த உருளையின் வாயிற் புகுத்துவர். யான் இயந்திரப் பகுதியில் நின்று, வாய்க்குள்ளே கொல்லியையும் கௌசிகத்தையும் அந்த ரீங்காரத்தோடு பொருத்திப் பார்த்துக்கொண்டிருப்பேன். இவ்வாறு இருபத்துமூன்று ஆண்டுகள்.

உருக்குலையின் புகை எப்படிப்பட்டதென்று அங்கே நின்றவர்க்கே தெரியும். வாயும் மூக்கும் மறைக்கும் கவசம் ஆண்டிற்கு ஒன்று தருவர். அது ஒரு திங்களில் கிழியும். 2009இல் குரல் கம்மிற்று. சென்னையில் மருத்துவர் குரல்நாணில் முடிச்சிருப்பதாகக் கண்டு அறுத்தெடுத்தனர். உயிர்க்கு இடரில்லை. ஆனால் அதன்பின் என் வாயினின்று வருவது உமியைப் புடைக்கும் ஓசை. பேச்சுக்குப் போதும், பாட்டுக்கு உதவாது.

இறைவனை யான் அந்நாளில் வைத வைவுகளை இப்பத்திரிகையில் எழுதலாகாது. கொடுத்தவனே ஏன் கெடுத்தான்? பாடவே பிறந்தவன் என்றால், பாட்டுப் போனபின் எதற்கு இருக்கின்றேன்? நண்பர் சிலர், 'எல்லாம் வினைப்பயன்' என்றனர். அவர் சொன்னது சாத்திர விரோதம் அன்று. ஆயினும் ஆறுதலாகவும் இல்லை. பிறனுக்கு நேர்ந்த துன்பத்தை வினையென்று சொல்லி வாய்மூடுதல் மிக எளிது. கவசம் கொடாதவன் பொறுப்பையும் வினையின்மேலேற்றி அவனை விடுவித்தல் சைவநெறியாகாதென்பது என் கருத்து. வேறு சிலர், 'உன் செருக்கை அறுக்கவே குரலை அறுத்தான்' என்றனர். செருக்கு எனக்கு இருந்தது மெய். பதிகம் இறைவனை நோக்கிச் செல்லும். என் கண்ணோ எதிரிலிருப்பார் முகத்தில் வியப்புத் தோன்றுகின்றதா என்று நோக்கும். ஆனாலும் அவர் கூறியதை ஒப்ப எனக்குத் துணிவில்லை. செருக்குடையார் பலர் இனிய குரலோடே முதுமை எய்தியதைக் கண்டிருக்கின்றேன்.

அக்காலத்தில் எங்கள் ஆலைக்கு ஒரு பயிற்சியாளர் வருவிக்கப்பட்டார். தொழிலாளர்க்கு ஊக்கமூட்டுதல் அவர் தொழில். ஒவ்வொருவருக்கும் ஒரு தாள் கொடுத்து, ஒரு பக்கத்தில் தம் திறமைகளையும் மறுபக்கத்தில் தம் வாழ்வின் குறிக்கோளையும் எழுதச் சொன்னார். யான் 'குரல்' என்றெழுதி, அடித்துவிட்டு, தாளை மடித்து வைத்துக்கொண்டேன். என் பக்கத்திலிருந்த கொறடு பிடிக்கும் தொழிலாளி, 'சூடு தாங்குவேன்' என்று எழுதியிருந்தார். அதனைப் படித்த பயிற்சியாளர் சிரித்தார். மறுபக்கம் அவர் எழுதியிருந்தது, 'மகளைக் கட்டிக்கொடுப்பது' என்பது. அச்சிரிப்பை யான் இன்றளவும் மறக்கவில்லை. தாங்குதலும் ஒரு திறமையே என்று சொல்ல அன்று எனக்கு நாவெழவில்லை.

2010ஆம் ஆண்டு கார்த்திகைத் திங்களில், உறவினர் வீட்டு மணத்திற்காகத் திருவள்ளூர் சென்றேன். மறுநாட் காலை பொழுது போகாமையாற் பூண்டிக்குச் சென்றேனேயன்றித் தலவழிபாட்டிற்கென்று போனேனல்லேன். ஏரி நிறைந்து கிடந்தது. கொசத்தலையாற்றின் குறுக்கே சென்னை மாநகரின் குடிநீருக்காகக் கட்டப்பட்டு, 1944இல் நிறைவெய்திய நீர்த்தேக்கம் அது. சென்னை மேயராயிருந்து அதற்கு முயன்ற சத்தியமூர்த்தி அவர்கள் பெயரைத் தாங்குவது. 1996 முதல் கிருஷ்ணை நீரும் அங்கே வந்து சேர்கின்றது. சுந்தரமூர்த்தி நாயனார் கண்ணிழந்து வந்து தொழுத திருவெண்பாக்கம் என்னும் பழைய தலம் அந்நீர்ப்பரப்பினுள் அகப்பட்டுவிட்டது. திருவுருவங்களைப் பூண்டிக்குக் கொணர்ந்து, ஏரியருகே கோயில் எடுத்து எழுந்தருளச் செய்துள்ளனர். இறைவர் திருநாமம் ஊன்றீசுவரர், அம்மை மின்னொளியம்மை.

வரலாறு அன்பர்கள் அறிந்ததே. ஒற்றியூரில் மகிழின்கீழ்ச் சங்கிலியார்க்குச் செய்துகொடுத்த சூளுறவு பிழைத்து எல்லை கடந்தார் ஆரூரர். இரு கண்ணும் ஒளியிழந்தன. முல்லைவாயில் தொழுது வெண்பாக்கம் சேர்ந்து, கோயிலினுள் உளையோ என்று வினவினார். உள்ளோம், நீ போ என்னும் பொருள்பட ஏதிலான்போல் விடை வந்தது; உடன் ஓர் ஊன்றுகோலும் கிடைத்தது. ஆரூரர் சினந்து அக்கோலை எறிய நந்தியின் கொம்பு ஒடிந்ததென்று ஊர்வழக்கு. அந்த நந்தியைக் காட்டுகின்றார்கள், யானும் கண்டேன்.

அத்தலத்துப் பதிகம் ஏழாந் திருமுறையில் உள்ளது. பண் சீகாமரம். அதனை ரயிலில் எத்தனை முறை பாடியிருப்பேன்! எதிரிலிருந்தோர் தலையசைக்கப் பாடியிருக்கின்றேன். ஆனால் கண் வேண்டினார்க்குக் கோல் கிடைத்ததென்னும் செய்தி அதுகாறும் எனக்கு ஒரு கதை. அன்று வாய்திறந்து பாட இயலாது சந்நிதியில் நின்றபோதுதான், இத்தலத்திலே தோழரென்று பெயர் பெற்றவர்க்கே கேட்டது கிடைக்கவில்லை என்பது உறைத்தது. அவர் இரந்தது பார்வை. கிடைத்தது ஒரு கட்டை. கோல் பெற்றவர் அங்கேயே அமர்ந்துவிடவில்லை. அதனை ஊன்றிப் பழையனூர் சென்றார், ஆலங்காட்டிறைவனைப் பாடினார், கச்சியில் இடக்கண் பெற்றார், ஆரூரில் வலக்கண் பெற்றார். வெண்பாக்கத்திற்கும் கச்சிக்கும் இடையில் அவர் செய்த பாட்டெல்லாம் கண்ணின்றிக் கோலோடு செய்தவை.

என்னை அவரோடு ஒப்பிடுகின்றேன் என்று யாரும் கொள்ளற்க. அவர் தம் குற்றம் இன்னதென்று அறிந்தவர். யான் என் குற்றம் அறியேன். அவர்க்குக் கச்சி காத்திருந்தது. எனக்கு அத்தகைய கச்சி இன்னும் வரவில்லை, வாராமலும் போகலாம். யான் அன்று எண்ணியது ஒன்றே: என் கையில் தரப்பட்ட கோல் யாது? யான் எங்கேனும் எறிந்துவிட்டேனோ?

திரும்பும் வழியில், பேருந்தில், ஆறாண்டுக்கு முந்திய ஓரிரவு நினைவிற்கு வந்தது. 2004ஆம் ஆண்டு. வழக்கம்போல் மோட்டாரின் ரீங்காரத்தில் மனம் வைத்திருந்தேன். திடீரென அதனடியில் வேறொரு சுரம் கேட்டது. மிக மெல்லியது, அரைச்சுரம் தாழ்ந்தது, ஏதோ பல்லைக் கடிப்பது போன்றது. போர்மேனிடம் ஆலையை நிறுத்தச் சொன்னேன். 'உனக்குப் பாட்டுப் பைத்தியம்' என்றார். மீண்டும் மீண்டும் சொல்லவே நிறுத்தினார். கியர் பெட்டியைத் திறந்து பார்த்தால், ஒரு பேரிங் நொறுங்கிப் பற்சக்கரத்தில் இரு பல் விரிந்திருந்தன. இன்னும் சிறிது நேரம் ஓடியிருந்தால் பெட்டி வெடித்திருக்கும் என்றனர். அதனருகே ஒடிசாவிலிருந்து வந்த இளைஞன் ஒருவன் எண்ணெயிட்டுக்கொண்டு நின்றான். மறுநாள் உற்பத்திக் குறைவிற்காகப் போர்மேன் ஏச்சு வாங்கினார். அவர் என்னை ஏசினார். அத்தோடு அது முடிந்தது. யானும் மறந்தேன். எனக்கென்று இறைவன் கொடுத்தது குரல் என்றே எண்ணியிருந்த காரணத்தால், காதினை யான் கணக்கில் வைக்கவேயில்லை. சுருதி விலகினால் குட்டு விழும் மண்டபத்தில் உருவானது அக்காது.

நம் தொண்டை நாட்டின் இப்பகுதியில் வாழ்ந்த நாயன்மார்களை அதன்பின் யான் வேறு கண்கொண்டு பார்க்கலானேன். நின்றவூர்ப் பூசலாரிடம் கோயில் எடுக்கப் பொருளில்லை, தேடியும் கிடைக்கவில்லை. இன்மையையே அவர் கருவியாக்கினார். நாள் பார்த்து, தச்சரை மனத்திலே கூட்டி, அடிநிலை முதல் சிகரம் வரை எண்ணத்தாற் கட்டினார். கச்சியில் கற்றளி எடுத்த காடவர்கோன் தன் குடமுழுக்கு நாளை மாற்றிக்கொள்ள நேர்ந்தது. வேற்காட்டு மூர்க்கரோ செல்வமெல்லாம் அடியார்க்கு அமுதூட்டி வறியரானபின், கையில் எஞ்சியது இளமையிற் கற்ற சூதாட்டம் ஒன்றே. எவரும் திறமையென்று தாளில் எழுதக் கூசும் ஒன்று அது! அதனைக்கொண்டே குடந்தை வரை சென்று ஆடி, வென்ற பொருளைத் தாம் தீண்டாது அடியார் திருவமுதிற்கு ஆக்கி, தாம் கடைப்பந்தியில் உண்டார். சூதாடலாம் என்பதற்குச் சேக்கிழார் பெருமான் இதனைக் கூறினாரல்லர். கருவியின் பெருமை கருவியில் இல்லை என்பதற்கு இதனினும் கூர்மையான சான்றை யான் அறியேன்.

ஒற்றியூர்க் கலியர் வரலாற்றைப் படிக்கும்போது ஆலைத்தொழிலாளியாகிய எனக்குக் கண் கலங்கும். செக்குக்கு உடையவராயிருந்து திருவிளக்கிட்டவர், பொருள் தொலைந்தபின் பிறரிடம் எண்ணெய் வாங்கி விற்றுக் கூலி பெற்றார், அதுவும் நின்றபின் பிறர் செக்கில் ஆளாக நின்று கூலி பெற்றார், அதுவும் குறைந்தது. மனையாரை விற்க நின்றதும், எண்ணெய்க்கு ஈடாகத் தம் குருதியையே வார்க்க மிடற்றை அரிந்ததும் நம்மனோரால் பின்பற்றத்தக்கன அல்ல. அவர் உடையவர் நிலையினின்று கூலியாள் நிலைக்கு இறங்கிய ஒவ்வொரு படியிலும் விளக்கு மட்டும் மாறவில்லை என்பதே என் மனத்தை ஈர்ப்பது. தொழில் மாறிற்று, கருவி மாறிற்று, ஊதியம் மாறிற்று. 'யான் செக்கு உடையவனாகவே பிறந்தவன்' என்று அவர் மூலையிற் குந்தியிருந்தால் அன்றே விளக்கு அவிந்திருக்கும்.

மெய்கண்டதேவர் சிவஞானபோதத்தின் பத்தாம் சூத்திரத்தில் இறைபணி நிற்றலைக் கூறுகின்றார். தன் செயலென ஒன்றின்றி அவன் பணியில் நிற்பாரை வினை பற்றாதென்பது அதன் கருத்து. அந்நிலை பெரியோர்க்குரியது, யான் அதன் வாயிலையும் மிதித்தவனல்லேன். ஆயினும் ஒன்று தெரிகின்றது. 'பாடவே பிறந்தவன்' என்று ஊரார் சொன்னதில் 'பாட' என்பதைமட்டும் யான் பற்றிக்கொண்டேன். எவன் பணிக்காக என்பதை விட்டுவிட்டேன். பணி அவனுடையது என்றால் கருவியை மாற்றும் உரிமையும் அவனுடையதே. கொத்தனார் கரண்டியை வைத்துவிட்டு மட்டப்பலகையை எடுக்கும்போது கரண்டி அழலாமோ? இவ்வாறு எழுதுவது எளிது. யான் கரண்டியாயிருந்து ஈராண்டு அழுதேன் என்பதையும் எழுதவேண்டும்.

2011ஆம் ஆண்டு ஓதுவார் ஐயாவைக் காணச் சென்றேன். அவருக்கு அப்போது எண்பது கடந்துவிட்டது. வெட்கத்தால் அதுவரை அவர் முன் செல்லாதிருந்தேன். அவருக்குச் செவி முற்றும் மந்தமாகியிருந்தது; குரல்மட்டும் வெண்கலம்போல் நின்றது. என் நிலையைத் தாளில் எழுதிக் காட்டினேன். படித்துவிட்டு நெடுநேரம் பேசாதிருந்தார். பின்பு சொன்னார்: "தம்பி, எனக்குக் காது போயிற்று, உனக்குக் குரல் போயிற்று. இருவரும் சேர்ந்தால் ஓர் ஓதுவார் ஆகலாம். ஞாயிற்றுக்கிழமை வா."

அவ்வாறே சென்றேன். அவர் பாடிக் காட்டுவார். பிள்ளைகள் திருப்பிப் பாடுவர். யான் கேட்டுக்கொண்டிருந்து, பிழை நேர்ந்த இடத்தில் விரலை உயர்த்துவேன். விரலைக் கண்டு அவர் மீண்டும் பாடுவார். சில வேளை அவரே சுருதி விலகுவார். முதன்முறை அது நேர்ந்தபோது யான் விரலை உயர்த்தவில்லை. ஆசிரியரை எங்ஙனம் திருத்துவது? வகுப்பு முடிந்தபின் என் முகத்தைப் பார்த்து, "விட்டுவிட்டாயல்லவா?" என்றார். எப்படி அறிந்தார் என்பது எனக்கு இன்றும் விளங்கவில்லை. "எனக்காக விடாதே. பதிகம் என்னுடையது அன்று" என்றார். அடுத்த வாரம் அவருக்கும் விரலை உயர்த்தினேன். அவர் என் தலையில் மெல்லக் குட்டிவிட்டு, திருத்திப் பாடினார்.

ஏழாண்டு இவ்வாறு நடந்தது. 2018இல் ஐயா சிவனடி சேர்ந்தார். ஓர் ஓதுவாரிற் பாதி போயிற்று என்று யான் வகுப்பை நிறுத்த எண்ணினேன்; பிள்ளைகள் நிறுத்தவில்லை. ஐயாவிடம் பயின்ற பெரிய பெண் ஒருத்தி பாடிக் காட்ட, யான் முன்போல விரலோடு இருக்கின்றேன். இப்போது பதினோரு பிள்ளைகள் வருகின்றனர். கும்மிடிப்பூண்டி ஈழத்தமிழர் முகாமினின்று வரும் சிறுவன் ஒருவன் தன் பாட்டி பாடும் முறையில் சில அடிகளைப் பாடுகின்றான். அது எங்கள் முறையினின்று சிறிது வேறானது, இனிதானது. அதற்கு யான் விரல் உயர்த்துவதில்லை. ஆலையில் வேலைசெய்யும் ஒடிசாக் குடும்பம் ஒன்றின் சிறுமியும் வருகின்றாள். அவள் தமிழைத் தெருவிலும் பள்ளியிலும் கற்றவள். ழகரம் இன்னும் வசப்படவில்லை. சுருதியோ கம்பிபோல் நிற்கும்.

சென்ற கார்த்திகையில் பிள்ளைகளை வேனில் ஏற்றிப் பூண்டிக்கு அழைத்துச் சென்றோம். ஏரி நிறைந்திருந்தது. சந்நிதியில் நின்று சீகாமரத்தில் அத்தலப் பதிகத்தை அச்சிறுமி தொடங்கினாள். முதற்பாட்டு நன்றாக வந்தது. இரண்டாம் பாட்டில் மூன்றாவது அடியில் இம்மி அளவு விலகினாள். குருக்கள் தலையசைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார், வேறொருவரும் அறிந்திலர். யான் விரலை உயர்த்தினேன். அவள் நிறுத்தி, என்னைப் பார்த்து, அவ்வடியை மீண்டும் எடுத்தாள்.